ஆஃப் சீசன்னு பேர் வச்சது யாரு?

மத்தியதரைக் கடல் தீவுன்னு சொன்னதும் நம்ம மனசுல வர்ற படம் ஒண்ணே ஒண்ணுதான். நீலத் தண்ணி, கறுப்புக் கண்ணாடி, ஜூலை வெயில். யாரோ காலண்டர்ல அச்சடிச்சு நம்ம மண்டைக்குள்ள ஆணி அடிச்சு மாட்டிட்டாங்க. அதனால மால்டாவுக்கு பிப்ரவரியில போய்ட்டு வந்தேன்னு சொன்னா, "குளிக்க முடியாத கடலுக்கு எதுக்குய்யா போனே?"ன்னுதான் கேக்குறாங்க. டமேஜர்ல ஆரம்பிச்சு ரூம்மேட் வரைக்கும் இதே கேள்வி. ஆளாளுக்கு பதில் சொல்லி வாய் வலிக்குது. மொத்தமா இங்கயே சொல்லிடறேன்.

முதல்ல எதிர்க்கட்சிக்கு உரியதைக் கொடுத்துடுவோம். பிப்ரவரியில அங்க கடல் தண்ணி 15, 16 டிகிரிதான். கால் நனைக்கலாம், அதுக்கு மேல வீரம் காட்ட வேணாம். மழை பெய்யும். காத்து அடிச்சா சின்னப் படகெல்லாம் ஓடாது. எல்லாத்தையும் விட மோசம், வீட்டுக்குள்ள அடிக்கிற குளிர். அந்த ஊர் வீடுங்க எல்லாம் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லு, வெயிலுக்காகவே கட்டினது. நான் பொட்டி தட்டுற ஜெர்மன் ஊர்ல வெளியில மைனஸ் அஞ்சுன்னாலும் உள்ள பனியனோட உக்காரலாம். மால்டாவுல வெளியில 15, உள்ள ஜாக்கெட். ஈரம் எலும்புக்குள்ள போய் உக்காந்துக்கும். இதை எந்த ட்ராவல் ஏஜென்டும் சொல்ல மாட்டார், அதனால நான் சொல்றேன்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். இந்த 'ஆஃப் சீசன்'ங்கிற பேரு விருந்தாளி வச்ச பேரு. அந்த மண்ணைக் கேட்டா தலைகீழா சொல்லும். மால்டாவுல ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழை முக்கால்வாசி செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவுலதான். கோடையில தீவு முழுக்கக் காஞ்சு பழுப்பாயிடும், புல்லு கூட செத்துப் போகும். காலண்டர்ல நாம பாக்குற மால்டா அதுதான். குளிர்காலத்துலதான் அது உயிரோட இருக்கு. கல்லு அடுக்கி வேலி போட்ட சின்னச் சின்ன வயல்ல உருளைக்கிழங்கு பச்சைப் பசேல்னு நிக்குது. ஜனவரி கடைசியில இருந்து வாதுமை மரம் இலை விடுறதுக்கு முன்னாடியே வெள்ளையா பூத்துடுது. ரோட்டோரம், இடிஞ்ச சுவர், கல்லறைன்னு பாக்காம எல்லா இடத்துலயும் ஒரு மஞ்சள் பூ. கிட்டப் போய்ப் பாத்தா இலை நம்ம புளியாரைக்கீரை மாதிரியே மூணு இதழ். ஒண்ணைப் பிச்சு வாயில போட்டேன், அதே புளிப்பு! பின்னாடி தேடினா ரெண்டும் ஒரே குடும்பம்தான். இது தென்னாப்பிரிக்காக்காரி. வெள்ளைக்காரன் காலத்துல வந்து பரவினதால மால்டா மொழியில இதுக்குப் பேரு 'ஹஷீஷா இங்லீசா', அதாவது இங்கிலீஷ் புல்லு. (அரபிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரியான மொழி, எழுதுறது மட்டும் லத்தீன் எழுத்துல. பஸ்ல உக்காந்து ஊர்ப் பேரைப் படிக்கவே தனி டிகிரி வேணும்.)

அந்தப் பூவை ஜூலையில போறவங்க ஒருத்தர் கூட பாத்திருக்க மாட்டாங்க. இப்பச் சொல்லுங்க, எது ஆஃப்?

அதோட, அந்தத் தீவோட சரித்திரத்துலயே ரொம்பப் பிரபலமான விருந்தாளி சீசன் இல்லாத நேரத்துல வந்தவர்தான். பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள்ல இருக்கு. பவுலைக் கைதியா ரோமுக்குக் கொண்டு போற கப்பல், வடகிழக்குப் புயல்ல மாட்டி மால்டாவுல உடையுது. கி.பி. 60ன்னு சொல்றாங்க. மழையும் குளிருமா இருந்ததால ஊர்க்காரங்க தீ மூட்டி எல்லாரையும் வரவேத்தாங்களாம். மூணு மாசம் தங்கி, குளிர்காலம் முடிஞ்சப்புறம்தான் வேற கப்பல் ஏறினார். வடகிழக்குல இருந்து வர்ற அந்தக் காத்துக்கு அங்க 'க்ரிகால்'னு பேரு. நம்ம வாடைக்காத்துன்னு வச்சுக்கோங்களேன். இன்னிக்கும் அது அடிச்சா துறைமுகமே ஆட்டம் காணும். வருஷா வருஷம் பிப்ரவரி 10 அன்னிக்கு வலேட்டாவுல அந்தக் கப்பல் உடைஞ்ச திருநாள். பவுல் சிலையைத் தோள்ல தூக்கிட்டு சந்து சந்தா வர்றாங்க, மர பால்கனியில இருந்து கிழிச்ச காகிதத்தை மழை மாதிரி கொட்டுறாங்க. கூட்டம் இருந்துச்சு, நல்ல கூட்டம். ஆனா அது அவங்க கூட்டம். பாட்டிங்க, கைக்குழந்தைங்க, பேண்டு வாத்தியம் ஊதுற பசங்க. நான் ஓரமா நின்னு வேடிக்கை பாத்தேன். விருந்தாளி நிக்க வேண்டிய இடம் அதுதானே.

பாக்க வேண்டிய இடங்களைப் பத்தி ரெண்டே வரி. காரவாஜியோ 1608ல வரைஞ்ச பெரிய ஓவியம் வலேட்டா புனித யோவான் தேவாலயத்துல இருக்கு. முன்னாடி இருபது நிமிஷம் நின்னேன், யாரும் முதுகுல இடிக்கலை. பூமிக்கடியில குடைஞ்ச ஹைபோஜியத்துக்கு ஒரு நாளைக்கு 80 பேருக்குத்தான் அனுமதி, எந்த சீசனா இருந்தாலும் முன்னாடியே டிக்கெட் போட்டுடுங்க.

அடுத்தது கொஞ்சம் சீரியஸ். கணக்கு பாப்போம். மால்டா மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426. அந்த நாட்டோட மக்கள் தொகை 2021 கணக்கெடுப்புப்படி 5 லட்சத்து 19 ஆயிரம் சொச்சம். 2019ல வந்த சுற்றுலாப் பயணிகள் 27 லட்சத்துக்கு மேல. 2024ல 35 லட்சத்தைத் தாண்டிடுச்சு. குடிக்கிற தண்ணியில பாதிக்கு மேல கடல்தண்ணியில இருந்து உப்பெடுத்துத் தயாரிக்கணும், அதுக்குக் கரண்டு வேணும். 2023 ஜூலையில வெயில் உச்சத்துல பூமிக்கடியில போட்டிருந்த மின் கேபிளெல்லாம் சூடாகிப் பழுதாகி, பல ஊர்ல நாள் கணக்கா கரண்டு வந்து வந்து போச்சு. கோமினோன்னு பக்கத்துல ஒரு பொடித் தீவு, அங்க ப்ளூ லகூன். நம்ம காலண்டர் படம் அதுதான். 2022 ஆகஸ்ட்ல ஊர் ஆளுங்களே இறங்கி, கரையை அடைச்சுப் போட்டிருந்த வாடகை நாற்காலியையெல்லாம் அப்புறப்படுத்தினாங்க. 2025 மே மாசத்துல இருந்து அங்க போகவே முன்பதிவு பண்ணி கையில பட்டை கட்டிக்கணும்.

இதுக்கு அந்த ஊர் சுற்றுலாத் துறை பல வருஷமா சொல்ற வைத்தியம், குளிர்காலத்துலயும் ஆள் வரணும்ங்கிறது. கேக்க நல்லா இருக்கு. ஆனா எனக்கு இடிக்குது. சர்வர் படுத்துக்கிச்சுன்னா லோடைப் பிரிச்சுக் கொடுப்போம். பகல்ல ஓடுற வேலையை ராத்திரிக்கு மாத்துவோம். பகல் வேலையை அப்படியே வச்சுக்கிட்டு ராத்திரியும் இன்னொரு மடங்கு ஓட்டினா அதுக்குப் பேரு லோடு பேலன்ஸிங் இல்லை, மெஷினைக் கொல்றது. 27 லட்சம் 35 ஆனா, பிப்ரவரியில வந்தவன் ஆகஸ்ட் ஆளுக்குப் பதிலா வரலை, கூட வந்திருக்கான். என்னையும் சேத்துத்தான் சொல்றேன். கோடைக்கு ஒரு வரம்பு போடாம குளிர்காலத்தை வித்தா, அந்த மண்ணுக்கும் பாட்டிங்களுக்கும் மூச்சு விட மிச்சம் இருக்கிற நாலு மாசமும் போயிடும்.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. நான் தங்கினது புஜிப்பாவுல. கோடையில கால் வைக்க இடம் இருக்காதாம். குளிர்காலத்துல இங்கிலாந்து பென்ஷன் தாத்தா பாட்டிங்க வந்து மாசக் கணக்குல தங்கி பிங்கோ ஆடுறாங்க. அங்க ஒரு சாப்பாட்டுக் கடையில பரிமாறின பையன் என் மூஞ்சியைப் பாத்துட்டு, "அண்ணே, தமிழா?"ன்னான். நாகர்கோவில் பக்கம். மூணு வருஷமா அங்க இருக்கானாம்.

"சம்மர்ல வந்திருக்கலாமேண்ணே, இப்ப என்ன இருக்குன்னு வந்தீங்க?"

"சம்மர்ல வந்தா நீ என்கூட இப்படி நின்னு பேச முடியுமா தம்பி?"

சிரிச்சான். "அது சரிதான். சம்மர்ல டிப்ஸ் உண்டு, தூக்கம் கிடையாது. இப்ப தூக்கம் உண்டு, வேலை நேரத்தைக் குறைச்சிருவாங்க. வாடகையை மட்டும் எவனும் குறைக்க மாட்டான்."

நான் பாதி விலையில ரூம் எடுத்துட்டு சந்தோஷப்பட்டேனே, அந்த விலைச்சீட்டோட பின்பக்கம் இதுதான். யாருமே போகாட்டி இவனுக்குச் சம்பளம் இல்லை, எல்லாரும் எப்பவும் போனா இவனுக்குத் தூக்கம் இல்லை. 'ஆஃப் சீசன்ல போங்க, தீவைக் காப்பாத்துங்க'ன்னு சும்மா பேசறவங்களைப் பாத்தா அதனாலதான் எரிச்சல் வருது. என் கட்சி இதுதான்: கோடையில போறதாத் திட்டம் இருந்தா அதை ரத்து பண்ணிட்டு குளிர்காலத்துல போங்க. ரெண்டு தடவை போகாதீங்க. போனா மிச்சமாகுற காசுல கொஞ்சத்தை அங்க பரிமாறுற கையிலயே கொடுத்துட்டு வாங்க.

கோசோ தீவுக்கு ஃபெர்ரி 25 நிமிஷம்தான், கண்டிப்பாப் போங்க. அங்க த்வேய்ராவுல கடலுக்குள்ள ஜன்னல் மாதிரி நின்ன பாறை வளைவு 2017 மார்ச் 8ந் தேதி புயல்ல மொத்தமா விழுந்துடுச்சு, அதைத் தேடி ஏமாறாதீங்க. அலை பாறையில மோதுற சத்தத்தைக் கேளுங்க, அது ஜூலையில கிடைக்காது. பட்டாணி வச்ச பஸ்தீட்ஸி (நம்ம பப்ஸுக்கு பெரியப்பா) சூடா ஒரு யூரோவுக்குள்ள கிடைக்கும். ரூம் எடுக்கும்போது ஹீட்டர் இருக்கான்னு ரெண்டு தடவை கேட்டுக்கோங்க. அப்புறம் கம்பளி சாக்ஸ், நாலு ஜோடி :-)