மணியோசை கேட்டு நடந்தவன்



ஞாயிறு காலை மணியோசை கேட்டு ஆலயம் வருவோரை நாம் அறிவோம். அதே ஓசையைக் கேட்டுத் தெருவோரமாய் நடந்து போய்விடுவோரை நாம் பார்ப்பதில்லை. அத்தகைய ஒருவனைப் பற்றி அமெரிக்காவில் ஒரு பாட்டு உண்டு. அதனை இயற்றியவர் கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன்.

1936-ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில் நகரிற் பிறந்தவர். விமானப்படைத் தளபதி ஒருவரின் மைந்தர். ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் பயின்றார். பின்னர்த் தரைப்படையிற் சேர்ந்து ஹெலிகாப்டர் ஓட்டினார். வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் ஆசிரியப் பணி அவருக்குக் காத்திருந்தது. 1965-இல் அதனை உதறிவிட்டு, ‘கன்ட்ரி’ எனப்படும் நாட்டுப்புற இசையின் தலைநகராம் நாஷ்வில் சென்றார். பெற்றோர் மனம் கசந்தனர். (எந்தப் பெற்றோர்தாம் கசக்கமாட்டார்!) அங்கே அவருக்குக் கிடைத்தது கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை பெருக்கும் வேலை. 1966-இல் பாப் டிலன் அங்கு வந்து பாடியபோது, சாம்பற் கிண்ணங்களை அகற்றிக்கொண்டிருந்தவர் இவரே.

அந்நாளைய தனிமையிற் பிறந்ததே ‘சண்டே மார்னிங் கமிங் டவுன்’. முந்தைய இரவின் குடிமயக்கம் தெளியாத ஒருவன் வீதியில் நடக்கிறான். ஞாயிறு மறைக்கல்விச் சிறுவரின் பாட்டும், மகளுடன் விளையாடும் ஒரு தந்தையின் காட்சியும், தொலைவில் ஒலிக்கும் மணியும் அவன் நெஞ்சை அறுக்கின்றன. அவ்வளவே, அவன் ஆலயத்தினுள் நுழைவதில்லை. 1970-இல் ஜானி கேஷ் இதனைத் தொலைக்காட்சியில் பாடவிருந்தபோது, போதையைக் குறிக்கும் ஒரு சொல்லை மாற்றுமாறு நிலையத்தார் வேண்டினர். அவரோ எழுதியபடியே பாடினார். நாமாக இருந்திருப்பின் நிலையத்தார் பக்கமே நின்றிருப்போம்; அது பிழையாயிருந்திருக்கும். அச்சொல்லை எடுத்துவிட்டால் அம்மனிதன் உண்மையானவனாய் இரான். அவ்வாண்டின் சிறந்த பாடலென நாட்டுப்புற இசைச் சங்கம் அதற்கே பரிசளித்தது.

புகழ் வந்தபின் நாஷ்விலில் ஒரு வழிபாட்டிற்கு நண்பர்கள் அவரை அழைத்துச் சென்றனர். அங்கே லாரி காட்லின் என்ற இளம்பாடகர் உதவி வேண்டி இறைவனை மன்றாடும் பாடலொன்றைப் பாடினார். கேட்ட கிறிஸ்டோஃபர்சன் முழந்தாளிட்டு அழுதார். அதன்பின் எழுதியதே ‘வொய் மீ’. தகுதியற்ற தமக்கு ஏன் இத்தனை நன்மைகள் என்று ஆண்டவரிடம் கேட்கும் மன்றாட்டு அது. தம் குரலைத் தவளைக் குரல் என்று நகைத்துக்கொண்ட அவர் பாடிய அப்பாட்டு, 1973-இல் நாட்டுப்புறப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது.

மறுநாளே குடி நின்றுவிட்டதென எழுத நமக்கும் ஆசைதான். அது நிற்கச் சில ஆண்டுகள் ஆயின. 1976-ஐ ஒட்டியே விட்டார். 2024 செப்டம்பர் 28 அன்று ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மௌயியில் தம் 88-ஆம் வயதில் இறந்தார். மன்றாட்டைப் பாடத் தொடங்கிய பின்னும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை அவர் ஒதுக்கிவிடவில்லை. முதுமையிலும் இரண்டையும் மேடையிற் பாடிவந்தார்.