பின் எஞ்சின் வேன் மீது ஏன் இந்தப் பழி?

"எஞ்சினைப் பின்னால் வைத்த வேனா? வளைவில் வாலை வீசிக் கவிழ்த்துவிடும்!" என்று அடித்துச் சொல்பவர்கள் நிறைய. ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனைப் பற்றி இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

காரையும் வேனையும் ஒரே தராசில் வைப்பதுதான் முதல் தவறு. பீட்டில் காரில் எடையின் பெரும்பங்கு பின் சக்கரங்கள் மேல்தான். ஆனால் வேன் அப்படியா? 1947இல் டச்சு வியாபாரி பென் போன் குறிப்பேட்டில் வரைந்த படத்தில், ஓட்டுநர் முன்னால், எஞ்சின் பின்னால், சரக்கு நடுவில். 1950இல் உற்பத்திக்கு வந்த வேனும் அப்படியே. நடுவில் ஏற்றும் சுமை இரண்டு அச்சுக்கும் பிரிந்துபோகிறது. எனவே காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் சமநிலை அதிகம் மாறாது.

எஞ்சினை முன்னால் வைத்தவர்கள் என்ன செய்தார்கள்? 1961 மாடல் ஃபோர்டு எகனோலைனில் முன்பாரம் அதிகமாகிவிட, பின்பக்கம் 165 பவுண்டு, அதாவது சுமார் 75 கிலோ, வெறும் எடையைப் பொருத்தினார்கள்! பின் எஞ்சின் வேனில் அந்த வேலையை எஞ்சினே செய்துவிடுகிறது. மேடு ஏறும்போது பாரம் பின்னோக்கிச் சாய்வதால், தள்ளும் பின் சக்கரங்களுக்குப் பிடிப்பு இன்னும் கூடும். முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு அதே மேட்டில் பிடிப்பு குறையும்.

சரி, வால் வீசியது பொய்யா? பொய்யில்லை. ஆனால் அதில் பெரும் குற்றவாளி, முதல் தலைமுறையின் ஸ்விங் ஆக்சில். வேகமான வளைவில் வண்டியின் பின்பக்கம் மேலெழுந்தால் சக்கரம் உள்நோக்கி மடங்கி, டயர் பிடியை விடும். பாதி வளைவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் கேட்கவே வேண்டாம். 1967இல் வந்த இரண்டாம் தலைமுறையில் இரட்டை மூட்டு அச்சு பொருத்தியதும் அந்தக் கோளாறு பெரிதும் தீர்ந்தது. எஞ்சின் இருந்த இடமோ மாறவேயில்லை!

குறைகள் இல்லாமல் இல்லை. உயரமான தட்டை உடம்பு பக்கக்காற்றில் தள்ளாடும். ஓட்டுநரின் கால்களுக்கு முன்னால் மோதலைத் தாங்க அதிகம் எதுவுமில்லை. இவற்றைச் சொல்லித் திட்டினால் நியாயம்.

பழியை எஞ்சின் மேல் போடுபவர் டயரைப் பார்ப்பதில்லை. பின் டயர்களுக்கு முன்னதைவிடக் கூடுதல் காற்று வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு அடித்து, கூரை மேல் மூட்டைகளைக் கட்டி, கனமான சாமான்களை எஞ்சினுக்கு மேலுள்ள தட்டில் அடுக்கி, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினால் வால் வீசத்தான் செய்யும். அதற்கு எஞ்சின் என்ன செய்யும்?