கடனா, சில்லறையா?

மூன்றாமாண்டு, இளங்கலைக் கணிதம்

"சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் என்ன பெரிய கஷ்டம்?" என்று கேட்காத கல்லூரி மாணவர் அரிது. நுண்கணிதமும் இயற்கணிதமும் பயிலும் நமக்குக் கூட்டலும் கழித்தலும் ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. கஷ்டமே அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது சிற்றூர் ஒன்றின் தொடக்கப்பள்ளியில் ஒரு நாள் முழுவதும் பின்வரிசையில் அமர்ந்து பார்த்ததைக் கொண்டே இதைச் சொல்கிறேன்.

அது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகள் ஒரே அறையில், 28 பிள்ளைகள், ஓர் ஆசிரியை.

காலையில் தமிழ். ஆசிரியை ஒரு வரி சொல்ல, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஓங்கிய குரலில் திருப்பிச் சொன்னார்கள். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சிறுவனின் கண் புத்தகத்தில் இல்லை; சன்னலில் ஓடிய அணிலின்மேல் இருந்தது. வாய் மட்டும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தது. ஆசிரியை அவனருகே சென்று, பாடத்தின் நடுவே இருந்த 'கொடி' என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, "இது என்னப்பா?" என்றார். பையன் முதல் வரியிலிருந்து மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்து, அந்தச் சொல்லையும் தாண்டிப் போய்விட்டான்!

கூட்டமாகச் சொல்வது மனப்பாடம், படிப்பு அன்று. யாருக்குப் படிக்க வருகிறது என்பதைத் தனித்தனியே கேட்டால்தான் அறிய முடியும். தலைக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 28 பேருக்கு 56 நிமிடம். அந்த நேரத்தில் மற்ற 27 பேரும் என்ன செய்வார்கள் என்பதை நண்பர்கள் கற்பனை செய்துகொள்ளலாம்.

எழுத்தே பிள்ளைகளுக்கு எளிதாக வாய்த்திருக்கிறதா? 247 என்று சொல்லி அவர்களை மலைக்க வைக்கிறோம். உண்மையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, இவற்றோடு சில குறிகள், அவ்வளவே. ஆனால் குறிகளில் ஒரு வம்பு இருக்கிறது. 'கொ' என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது; ஒலியோ முழுவதும் மெய்க்குப் பின்னே வருகிறது. இடமிருந்து வலமாகப் போகும் குழந்தை 'கெ' என்று நின்று, மிச்சமிருக்கும் காலைப் பார்த்து விழிக்கிறது. இதைச் சோம்பல் என்று கூறல் தகுமோ? 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று 13 எழுத்துகளின் வடிவை மாற்றியதால் இந்தத் தலைமுறைக்குச் சுமை சற்றுக் குறைந்தது. (லகரத்துக்கும் னகரத்துக்கும் துதிக்கை போட்டு எழுதிய காலம் நம் பேராசிரியர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.)

பிற்பகலில் கணக்கு. 52-இலிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். 2-இலிருந்து 7 போகாது. "பக்கத்தில் கடன் வாங்கு" என்பது நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த மந்திரம். ஒரு சிறுமி எழுந்து, "வாங்குன கடனை எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல்கலைக்கழகத் தேர்வில் கேட்கத்தக்க வினா அது!

ஆசிரியை ஈர்க்குச்சிக் கட்டுகளை எடுத்து வந்தார். பத்துப் பத்தாக ஐந்து கட்டு, தனியாக இரண்டு குச்சி. ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றினார். இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு குச்சி. ஏழை எடுத்தால் ஐந்து; ஒரு கட்டை எடுத்தால் மூன்று கட்டு. 35. இதில் கடன் எங்கே வந்தது? பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்து ஒரு ரூபாய் நாணயம் பத்து வாங்குகிறவன் எவருக்கும் கடன்காரன் அல்லன். சில்லறை மாற்றுவது கடைக்குப் போய்வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பாடநூலில் 'இனமாற்றம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாய்க்கு வருவதோ கடனே. அந்தச் சொல்லை வகுப்பறையிலிருந்து விரட்ட வேண்டும் என்பேன்.

'ஐம்பத்திரண்டு' என்னும்போதே ஐந்து பத்தும் இரண்டும் காதில் விழுகின்றன. ஆங்கில வழியில் 'லெவன்', 'டுவெல்வ்' என்று கற்கும் குழந்தைக்கு அந்தப் பத்து காதில் விழுவதில்லை. அதற்காகத் தமிழில் கண்ணியே இல்லை என்று பெருமை பேசவும் வேண்டா. எண்பத்தொன்பதுக்கு அடுத்தது எது என்றதற்கு ஒரு குழந்தை, "எண்பத்திப் பத்து" என்றது. விடை தவறு, தருக்கம் சரி. 'தொண்ணூறு' என்ற பெயரில் நூறு ஒலிக்கிறதே, அந்த நூறு எங்கே என்று அது திருப்பிக் கேட்டால் என்ன சொல்வோம்?

பெருந்தொற்றுக் காலத்துக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2022-இல் இம்மூன்று வகுப்புகளுக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பார்த்துக் கற்பிக்கும் முறை அதில் உண்டு. நல்ல முறை, ஆனால் வகுப்பு மூன்று, நிலை மூன்று, ஆசிரியை ஒருவர்! 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. தலையை எண்ணி வகுத்தால் கணக்குச் சரியாகவே வரும். வகுப்பை எண்ணினால் வராது. பிள்ளைகள் எத்தனை பேராயினும், படிக்கக் கேட்பதற்கென்றே மூன்றாவதாக ஒருவர் வேண்டும்.

அன்று மாலை மணி அடிக்கும்வரை தனியே படித்துக் காட்டியவர்கள் 9 பேர். மற்ற 19 பேருக்கு நாளை என்று ஆசிரியை குறித்துக்கொண்டார். மறுநாள் அவருக்குப் பயிற்சிக் கூட்டம்.