பெயர் கேட்காத காமிரா

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் கழுத்தில் காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு பாலாற்றங்கரை ஊர்களுக்குப் புறப்படும் பழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என எங்கும் தோல் பதனிடும் கொட்டகைகள். உப்புப் படிந்த பச்சைத் தோலும், சுண்ணாம்புத் தொட்டியும், குரோமில் ஊறி நீல நிறத்தில் வெளிவரும் தோலும், ஓட்டுக்கூரை இடுக்கில் விழும் வெயிலும் படத்துக்கு வாய்ப்பானவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இப்பழக்கத்தின்மீது நாம் ஒரு வழக்குத் தொடுக்க வேண்டியிருக்கிறது. அதில் முதற் குற்றவாளி நாமேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆம்பூருக்கு வெளியே பேருந்துக்காகக் காத்திருந்தோம். எதிரே ஒரு கொட்டகையிலிருந்து நீலத் தோல்களைச் சுமந்து வந்து வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார் ஒருவர். முழங்கை வரை நீர் வழிந்தது. நான்கைந்து படங்கள் எடுத்தோம். அவர் கண்டுகொண்டார். “இது எதுக்கு சார்?” என்றார். “சும்மா, ஒரு பொழுதுபோக்குக்கு” என்றோம். சிரித்தார். “எனக்கும் ஒண்ணு குடுங்க சார், வீட்ல காட்டணும்.” கட்டாயம் தருகிறோம் என்று சொல்லி முடிப்பதற்குள் பேருந்து வந்துவிட்டது, ஏறிவிட்டோம்.

அப்படம் ஒரு போட்டியில் மூன்றாம் பரிசு பெற்றது. ‘உழைப்பு’ என்று தலைப்பிட்டிருந்தோம். முகத்தை நிழலில் விட்டுக் கைகளை மட்டும் ஒளியில் காட்டியதை நடுவர்கள் மிகவும் பாராட்டினார்கள். அந்த மகிழ்ச்சியில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அதே கொட்டகைக்குப் போனோம். காவற்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முகமே தெரியலையே சார். எத்தனையோ பேர் வர்றாங்க, போறாங்க. பேரைச் சொல்லுங்க, கூப்பிடறேன்.” சொல்ல நம்மிடம் பெயர் இல்லை. பாராட்டப்பெற்ற அந்த நிழலே அவரை அடையும் வழியை அடைத்துவிட்டது.

இத்தவறு நம்முடையது மட்டுமன்று. பெரும்புகழ் பெற்றவர்களும் செய்ததே. 1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற இடத்தில், பட்டாணி பறிக்க வந்த கூலிமக்களின் முகாமில், வறுமையில் வாடிய ஒரு தாயைக் குழந்தைகளோடு படம் எடுத்தார் டாரத்தி லேஞ்ச். அவர் நம்மைப் போலப் பொழுதுபோக்குக்காரர் அல்லர். அரசுப் பணியில் இருந்தவர். ‘புலம்பெயர்ந்த தாய்’ என உலகம் போற்றிய படம் அது. அத்தாயின் பெயரையோ வரலாற்றையோ தாம் கேட்கவில்லை என்று 1960இல் அவரே எழுதினார். படம் வெளிவந்ததும் முகாமுக்கு உணவு வந்து சேர்ந்தது உண்மை. அதற்குள் அத்தாயின் குடும்பம் வேறிடம் போய்விட்டது. புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அவர் பெயர் உலகுக்குத் தெரிய 1978 வரை ஆயிற்று. தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை, தருவதாகச் சொன்ன பிரதியும் வரவில்லை என்று அவர் மனம் நொந்து பேசினார். பிரதி என்ற சொல்லைப் படித்தபோது நமக்குச் சுருக்கென்றது.

“படம் எடுத்தால்தானே இம்மக்களின் துயரம் வெளியே தெரியும்?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேட்கத்தக்க கேள்வியே. ஆனால் இப்பகுதியின் துயரம் எவ்வாறு வெளியே தெரிந்தது? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போனதையும் அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற நெறி நம் நாட்டில் வலுப்பெற்றதும் அதனால்தான். அன்று சான்றாக நின்றவை கிணறுகளும் நிலங்களும் ஊர்களும் பற்றிய கணக்குகள். பெயரும் நாளும் இடமும் உடைய படமும் அத்தகைய சான்றாகலாம். இவை இல்லாத படம் வரவேற்பறைச் சுவருக்கே உதவும். 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் இழப்பீட்டைப் பற்றி மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது என்றால், சான்று தேவைப்படும் காலம் இன்னும் போய்விடவில்லை.

2015 ஜனவரி 31 விடியுமுன், இராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகிலிருந்த தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் அச்சேற்றில் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நமது தொகுப்புகளில் உள்ள நீலக் கைகளுள் எவையேனும் அவர்களுடையனவா என்று ஒரு தாய் வந்து கேட்டால், நம்மில் எவர் விடை சொல்ல இயலும்?

பெயரைக் கேட்டு அச்சிட்டால் அவருக்கு வேலை போய்விடாதா என்பது இன்னொரு கேள்வி. போகலாம். அதனாலேயே கேட்க வேண்டும். ஆபத்து எது என்பதை அறிந்தவர் அவர், நாம் அல்லோம். “முகம் வேண்டாம்” என்றால் முகம் வேண்டாம். “பெயரை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்” என்றால் நம் குறிப்பேட்டோடு அது நிற்கட்டும். “எடுக்காதீர்கள்” என்றால் காமிராவை உறையில் இட்டுவிட்டு, முடிந்தால் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேசிவிட்டு வரலாம். வெயில் போய்விடுமே என்ற பதற்றம் நமக்குத்தான். அவருக்கு அங்கே மாலை வரை வேலை இருக்கிறது.

யோப்பாவில் பேதுரு பல நாள் தங்கியிருந்த வீட்டை நாம் மறந்துவிடுகிறோம். தோல் பதனிடுபவர் சீமோன். அவர் வீடு கடலோரத்தில் இருந்தது. நாற்றத்துக்காக ஊரார் ஒதுக்கிய தொழில் அது. இருந்தும் திருத்தூதர் பணிகள் நூல் அவரது பெயரையும் தொழிலையும் இருப்பிடத்தையும் விடாமல் குறித்து வைத்தது. கொர்னேலியு அனுப்பிய ஆள்கள் அதைக் கொண்டுதான் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். நமது கண்காட்சிப் படங்களின் கீழே காமிராவின் பெயர் இருக்கிறது, லென்சின் அளவு இருக்கிறது, படம் பிடித்தவர் எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்பதும் இருக்கிறது.

எனவே பங்குகளிலும் பொதுநிலையினர் மன்றங்களிலும் புகைப்படப் போட்டி நடத்துவோருக்கு ஒன்று சொல்கிறோம். மனிதரைக் காட்டும் எந்தப் படத்துடனும், அவர் பெயரை அறிந்து, இசைவு பெற்று, ஒரு பிரதியும் கொடுத்தாயிற்று என்ற குறிப்பு நடுவரிடம் வந்து சேரவேண்டும். வராத படத்தைத் திருப்பி அனுப்புங்கள். இந்த விதியை வைத்தால் வரும் படங்கள் பாதியாகக் குறைந்துவிடும் என்று அமைப்பாளர் ஒருவர் நம்மிடம் வருந்தினார். குறையட்டும்.