முந்தின முனையிலேயே சொல்லக் கூடாதா?

கனமழை பெய்தால் போதும், சென்னையில் சுரங்கப்பாதை வாயில் தடுப்பு விழுந்துவிடும். 2021 நவம்பர் மழையில் தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதைக்கும், வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைக்கும் இதே கதிதான். தண்ணீர் நின்றால் மூடத்தான் வேண்டும். அதில் தகராறு இல்லை.

ஆனால் எங்கே சொல்கிறார்கள்? தடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகு!

மேற்கு மாம்பலத்திலிருந்து சைக்கிளில் தண்ணி கேன் ஏற்றி தி.நகர் வருகிற தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். துரைசாமி வாசல் வரைக்கும் மிதித்து வருகிறார். "வழி இல்லேய்யா, சுத்திப் போ!" என்கிறார்கள். சுத்தி என்றால் கோடம்பாக்கம் மேம்பாலம்! ஸ்கூட்டர்காரருக்குக் கொஞ்சம் பெட்ரோல். இவருக்கு முழங்கால்! நேரமாச்சே என்று ஒருவழிப் பாதையில் எதிர்த்து நுழைந்தால் எதிரே பஸ்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 115-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் அரசிதழில் வெளியிட வேண்டாம்; ஆனால் உள்ளூரில் இயன்ற அளவு விளம்பரம் செய்தாக வேண்டும். (சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை. அது வேறு விஷயம்!)

என்ன பெரிய செலவு? ஒரு தகரப் பலகை. திரும்ப வழியுள்ள முந்தின முனையில், பெரிய தமிழ் எழுத்தில், "சுரங்கப்பாதை மூடல். கோடம்பாக்கம் பாலம் வழியே போகவும்."

மெட்ரோ வேலைக்கு மறிக்கும் தெருக்களில், பள்ளம் இல்லாத ஓரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக மூன்றடி விடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். அதற்குள் பலகையை எழுதி வையுங்கள், அதிகாரிகளே!