சுடவைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

"சுடவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது எங்கள் வீட்டு வேதவாக்கு. போன வாரம் ராத்திரி மேஜையிலேயே கிடந்த பீட்ஸாவைக் காலையில் தோசைக்கல்லில் சுட்டுப் பேரனுக்குக் கொடுத்தவன் நான்தான். மத்தியானத்துக்குள் நாலு தடவை வாந்தி. அவன் முகத்தைப் பார்க்கவே கூசியது.

சூடு கிருமியைக் கொல்லும், வாஸ்தவம். ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி உணவில் விட்டுவைக்கும் நஞ்சு கொதித்தாலும் போகாது. சமைத்த பண்டத்தை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது; 32 டிகிரியைத் தாண்டும் நம்ம ஊர் வெயிலில் ஒரு மணி நேரம்தான். அதற்குள் ஃப்ரிட்ஜில், 4 டிகிரிக்கு மேல் போகாமல் வையுங்கள். மூன்று நாலு நாளுக்குள், உள்ளே வரை ஆவி பறக்கச் சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

வீணாக்கக் கூடாது என்பது நல்ல குணம்தான். அதை ராத்திரியே காட்ட வேண்டும். காலையில் பேரன் வயிற்றில் காட்டக் கூடாது.