நைட் பஞ்சாயத்து வேணாம் பாஸ்!

குடிக்கிற அப்பாகிட்ட வீடே உட்கார்ந்து பேசப் போகுதா? ராத்திரி ஆரம்பிக்காதீங்க. போதையில கேட்டது விடிஞ்சா ஞாபகம் இருக்காது. காலையில, தெளிவா இருக்கறப்ப, அவர் மதிக்கிற ரெண்டு மூணு பேர் போதும். (தெருவையே கூட்டினா மானப் பிரச்னையாயிடும்!) திட்டாம, 'தங்கச்சி நிச்சயத்துல நீங்க விழுந்தப்ப அவ அழுதாப்பா'ன்னு நடந்ததை மட்டும் சொல்லுங்க. 'சரி'ன்னா அன்னிக்கே கிளம்பணும். அதனால டாக்டர் அப்பாயின்ட்மென்ட் முன்னாடியே ரெடியா இருக்கட்டும். எங்க போறதுன்னு தெரியலையா? 14446-க்கு போன் போடுங்க, காசு கிடையாது.

முக்கியமா, ரூம்ல பூட்டி வெச்சு நிறுத்த வைக்காதீங்க. வருஷக்கணக்கா தினமும் குடிக்கிறவர் பட்டுனு நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிரே போகலாம். டாக்டர் பார்வையிலதான் நிறுத்தணும்.

எழுந்து போயிட்டா? எங்க பெரியப்பாவும் போனார், ரெண்டு தடவை. மூணாவது தடவைதான் ஆட்டோல ஏறினார்.